ஒட்டுத்தையலுக்காகத் துணியில் உருவம் பதித்தல்

ஒட்டுத்தையலுக்காகத் துணியில் உருவம் பதித்தல் என்பது, பல நிறத் துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு பெரிய துணியை உருவாக்குவதற்கு முன்னர், அத்துண்டுகளின் வடிவங்களைத் துணியின் மீது கோடுகளாக அச்சிடும் அல்லது படியெடுக்கும் முறையாகும். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் அக்கோடுகளே வழிகாட்டியாக அமைகின்றன. மேலை நாடுகளில் குயில்ட் என வழங்கும் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தைப்பவர்களிடையே இது பரவலாக உள்ளது. தமிழ்நாட்டில், காவிரிப் படுகைக் கோயில்களில் தேர்களிலும் மண்டபங்களிலும் தொங்கவிடப்படும் தொம்பை, தோரணம் முதலிய துணி அணிகளும் இதே தேவையைக் கொண்டவை. துளையிட்ட தாளின் வழியாகப் பொடி தூவி உருவம் பதிக்கும் முறை சோழமண்டலக் கரையில் 18 ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. அம்முறை சிறிது மாற்றத்துடன் தமிழ்நாட்டு ஆரி வேலைக் கடைகளில் இன்றும் பின்பற்றப்படுகின்றது.

ஒட்டுத்தையலின் வகைகள்

துண்டுத் துணிகளைச் சேர்ப்பதில் இரு வகைகள் உண்டு.

இணைப்புத் தையல்: துண்டுகளின் விளிம்புகளை ஒன்றோடொன்று வைத்துத் தைப்பது. இதில் அடித்துணி தேவையில்லை. துண்டுகளே சேர்ந்து துணியாகின்றன. ஒட்டுத்துணிப் போர்வையின் மேற்பரப்பு பெரும்பாலும் இவ்வாறு உருவாகின்றது. அதன் கீழே பஞ்சும் அடித்துணியும் வைத்து மூன்று அடுக்குகளையும் ஊடுருவித் தைத்தால் போர்வை முழுமை பெறும்.

மேலொட்டுத் தையல்: ஒரு முழுத் துணியின் மேல், வெட்டிய உருவங்களை வைத்து ஓரங்களைத் தைப்பது. அப்ளிக் வேலை என்றும் இது அழைக்கப்படுகின்றது. தஞ்சாவூர்ப் பகுதியின் ஒட்டுவேலைத் தொம்பைகளும், ஒடிசா மாநிலத்தின் பிப்பிலியில் செய்யப்படும் விதானங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டிலும் உருவம் பதித்தல் பயன்படுகின்றது. எனினும் பதிக்கப்படும் கோட்டின் பணி வேறுபடுகின்றது. இணைப்புத் தையலில் துண்டும் துண்டும் சந்திக்கும் இடத்தைக் கோடு காட்டுகின்றது. மேலொட்டுத் தையலில், துண்டு அடித்துணியில் அமர வேண்டிய இடத்தைக் காட்டுகின்றது.

உருவம் பதிப்பதன் தேவை

துணி மரத்தையோ தாளையோ போல விறைப்பானது அன்று. பாவு நூல் ஓடும் திசையில் அது குறைவாகவும், ஊடை நூலின் திசையில் சற்றுக் கூடுதலாகவும், மூலைவாட்டில் மிகுதியாகவும் இழுபடும். மூலைவாட்டில் வெட்டுவதைத் தையற்காரர் கிராஸ் வெட்டு என்பர். முக்கோணம், சாய்சதுரம், இதழ் போன்ற வடிவங்களில் ஏதேனும் ஒரு விளிம்பாவது மூலைவாட்டில் அமைவதைத் தவிர்க்க முடியாது. அவ்விளிம்பு கையில் எடுக்கும்போதே நீண்டு விடக்கூடும். ஆகவே கண்ணளவில் வெட்டித் தைக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் சிறு பிழை ஏற்படுகின்றது.

தனித்தனியே பார்த்தால் இப்பிழைகள் சிறியவை. ஆனால் அவை கூடிக்கொண்டே செல்பவை. 30 செ.மீ. விட்டமுள்ள ஓர் உருளை வடிவத் தொம்பையை எடுத்துக்கொண்டால், அதன் சுற்றளவு ஏறத்தாழ 94.2 செ.மீ. ஆகும். அதை எட்டுப் பட்டைகளாகத் தைப்பதாயின் ஒவ்வொரு பட்டையின் அகலமும் சுமார் 11.8 செ.மீ. இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தையலிலும் இரு பக்கத் துணியும் 1 மி.மீ. வீதம் கூடுதலாக உள்ளே சென்றால், எட்டுத் தையல்களில் 16 மி.மீ. குறைந்துவிடும். அதன் பின்னர் அத்துணி 30 செ.மீ. வளையத்தைச் சுற்றி வராது.

கோணப் பிழையும் இத்தகையதே. எட்டு இதழ்கள் ஒரு மையத்தில் சந்திக்கும் தாமரையில் ஒவ்வோர் இதழின் நுனிக்கோணமும் 45 பாகை ஆகும். ஒவ்வொன்றிலும் 1 பாகை கூடினால் மொத்தம் 368 பாகை ஆகிவிடும். அத்தாமரை தட்டையாக அமராமல் நெளியும். 1 பாகை குறைந்தால் 352 பாகையே கிடைக்கும். அப்போது துணி கூம்பு போல் எழும்பும்.

துண்டுகளை வெட்டும் முன்பே கோடுகளைப் பதித்துவிட்டால், துணி இழுபடாத நிலையில் எல்லா அளவுகளும் ஒரே மாதிரியிலிருந்து பெறப்படுகின்றன. பின்னர் வெட்டுவதில் சிறு கோணல் ஏற்பட்டாலும் தையல் கோட்டின் மேல் சென்றால் போதுமானது.

வெட்டுக்கோடும் தையற்கோடும்

ஒவ்வொரு துண்டுக்கும் இரு கோடுகள் உண்டு. ஊசி செல்ல வேண்டியது தையற்கோடு. கத்தரி செல்ல வேண்டியது வெட்டுக்கோடு. இவற்றுக்கு இடைப்பட்ட துணி தையலுக்கு விடும் விளிம்பு ஆகும். ஒட்டுத்துணிப் போர்வைகளில் இது வழமையாகக் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மி.மீ. இருக்கும்.

வெட்டுக்கோட்டை மட்டும் பதிப்பவர், தைக்கும்போது கால் அங்குலத்தை மீண்டும் கண்ணாலோ எந்திரத்தின் பாத அளவாலோ கணிக்க வேண்டியுள்ளது. தையற்கோட்டைப் பதிப்பவருக்கு இச்சிக்கல் இல்லை. விளிம்பு சிறிது கூடினாலும் குறைந்தாலும் முடிவான உருவம் மாறாது. எனவே ஒரு கோடு மட்டுமே பதிக்க இயலுமாயின் அது தையற்கோடாக இருப்பதே சிறந்தது. இரு துண்டுகளையும் நல்ல பக்கங்கள் உட்புறமாக இருக்குமாறு வைத்து, மூலைகளில் குண்டூசியை ஒரு துண்டின் கோட்டிலிருந்து மற்றத் துண்டின் கோட்டுக்குச் செலுத்தினால் இரு கோடுகளும் பொருந்துகின்றனவா என்பதை அறியலாம்.

காவிரிப் படுகையின் துணி அணிகள்

மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்துள்ள சீர்காழி, திருஞானசம்பந்தர் பிறந்த ஊராகும். இங்குள்ள சட்டைநாதர் கோயிலின் குடமுழுக்கு 2023 ஆம் ஆண்டு மே 24 அன்று நடைபெற்றது. இத்தகைய குடமுழுக்குகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் துணி அணிகளுக்கு முக்கிய இடம் உண்டு. தேரின் மரப்பகுதிக்கு மேல் எழும் கோபுரம் போன்ற பகுதி, மூங்கில் முதலியவற்றாலான சட்டத்தின் மேல் துணி போர்த்தி அமைக்கப்படுவதாகும். திருவாரூர் ஆழித்தேரின் உயரம் அலங்காரத்துக்கு முன் சுமார் 30 அடியும், அலங்காரத்துக்குப் பின் சுமார் 96 அடியும் ஆகும். இதிலிருந்து தேரின் தோற்றத்தில் துணியின் பங்கை உணரலாம்.

இத்துணி அணிகளில் முக்கியமானவை:

தொம்பை: உருளை வடிவில் தொங்கும் அணி. தேரின் பக்கங்களிலும் மண்டபங்களிலும் தொங்கவிடப்படுகின்றது.
தோரணம்: வாயிலின் அல்லது தேர்த்தட்டின் மேல்விளிம்பில் வரிசையாகத் தொங்கும் பட்டை.
விதானம்: இறைத் திருமேனிக்கு மேல் கட்டப்படும் துணி. அசுமானகிரி என்ற பெயரும் வழக்கில் உண்டு.
குடைத்துணி: திருவுலாவில் பிடிக்கப்படும் குடையின் போர்வை.

இவை இரு வழிகளில் செய்யப்படுகின்றன. ஒன்று, நிறத்துணிகளை உருவங்களாக வெட்டி மேலொட்டாகத் தைப்பது. மற்றது, வெள்ளைப் பருத்தித் துணியில் கலம்காரி முறையில் உருவங்களை எழுதி, அப்பட்டைகளைப் பின்னர் இணைத்துத் தைப்பது. இரண்டாம் வகைக்கு, தஞ்சாவூர் மாவட்டத்தில் திருப்பனந்தாளுக்கு அருகிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையும், கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டத்தில் உள்ள கோடாலிகருப்பூரும் பெயர் பெற்றவை. கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கலம்காரித் தொம்பையில் யாளி, மயில், அன்னம், தாமரை போன்ற உருவங்கள் பட்டையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த பட்டைக்குத் தொடர்வது உண்டு. எனவே உருவம் எழுதும்போதே தையல் எங்கே வரும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். தையலுக்கு விடும் விளிம்பில் கொடியின் வளைவோ மயிலின் கழுத்தோ அகப்பட்டுவிட்டால், அது தைத்த பின் உள்ளே மறைந்துவிடும்.

பதிக்கும் முறைகள்

துளையிட்ட தாள்

தடித்த ஒளிபுகு தாளில் உருவத்தை வரைந்து, கோடுகளின் மேல் நெருக்கமாக ஊசியால் துளையிடுவர். நூல் கோக்காத தையல் எந்திரத்தாலும் துளையிடலாம். மூன்று நான்கு தாள்களை அடுக்கி ஒரே முறையில் துளையிட்டால் படிகளும் கிடைக்கும். துளையின் சொரசொரப்பான பக்கத்தை மணல்தாளால் இலேசாகத் தேய்த்தால் துளைகள் அடைபடாமல் இருக்கும். பின்னர்த் தாளைத் துணியின் மேல் வைத்து, கரித்தூளையோ சுண்ணத்தூளையோ சிறு துணிமூட்டையில் கட்டித் தட்டினால், துளைகளின் வழியே தூள் இறங்கிப் புள்ளிக்கோடாக உருவம் தோன்றும்.

தமிழ்நாட்டின் ஆரி வேலைக் கடைகளில் தூளுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தாளின் மேல் தேய்க்கின்றனர். துத்தநாக ஆக்சைடே இவ்வெள்ளைப் பொடி. மண்ணெண்ணெய் ஆவியானதும் பொடி மட்டும் துணியில் தங்கும். வெளிர் நிறத் துணிகளுக்கு நீலப் பொடி பயன்படுகின்றது.

இம்முறையின் சிறப்பு, ஒரே தாளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது மட்டுமன்று. மேலொட்டுத் தையலில், அதே தாளை நிறத்துணியில் வைத்து வெட்டுவதற்கும், அடித்துணியில் வைத்து இடங்குறிப்பதற்கும் பயன்படுத்தலாம். மேலும், தாளைப் புரட்டி வைத்தால் எதிர்ப்பக்கம் நோக்கிய உருவம் கிடைக்கும். கோயில் அணிகளில் இரு மயில்களோ இரு யாளிகளோ ஒன்றையொன்று நோக்கி நிற்கும் அமைப்பு மிகுதி. அத்தகைய இணை முழுவதற்கும் ஒரு தாளே போதும். இரண்டும் சிறிதும் வேறுபடாமல் அமையும்.

மரஅச்சு

கடினமான மரக்கட்டையில் உருவத்தின் கோடுகளைப் புடைப்பாகச் செதுக்கி, மையிலோ நிறந்தோய் கரைசலிலோ தோய்த்து அழுத்துவது மரஅச்சு முறையாகும். ஆந்திராவின் மசூலிப்பட்டினக் கலம்காரியில் இது முதன்மையானது. ஒரே அளவுள்ள அறுகோணமோ இதழோ நூற்றுக்கணக்கில் தேவைப்படும்போது இதுவே விரைவான முறை. கட்டையின் அளவை மாற்ற இயலாதது இதன் குறை.

மாதிரி அட்டை

அட்டை, தகரம் அல்லது நெகிழியில் வெட்டிய உருவத்தைத் துணியில் வைத்துச் சுற்றிக் கோடிடுவது மிக எளிய முறை. அட்டையின் ஓரம் தேயத் தேய உருவம் சிறுத்துக்கொண்டே செல்லும் என்பதால், நீண்டகாலப் பயன்பாட்டுக்குத் தகரமும் நெகிழியும் ஏற்றவை.

கட்டக்கோடு

இருநிற முக்கோணங்கள் இணைந்த சதுரங்கள் பல தேவைப்படும்போது, முக்கோணங்களைத் தனித்தனியே வெட்டாமல் இம்முறையைக் கையாளலாம். இரு நிறத் துணிகளை நல்ல பக்கங்கள் உட்புறமாக இருக்குமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்துணியின் பின்பக்கத்தில் சதுரக் கட்டங்களையும் அவற்றின் மூலைவிட்டங்களையும் பதிக்க வேண்டும். மூலைவிட்டத்தின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பின்னர்க் கட்டங்களையும் மூலைவிட்டங்களையும் வெட்டினால், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் இரண்டு இருநிறச் சதுரங்கள் கிடைக்கும். 12 கட்டங்கள் பதித்தால் 24 சதுரங்கள் கிடைக்கும். மூலைவாட்டு விளிம்பு தைத்த பின்னரே வெட்டப்படுவதால் அது இழுபடுவதில்லை.

பதிக்கும் கட்டத்தின் பக்கம், முடிவில் வேண்டிய சதுரத்தின் பக்கத்தைவிட 7/8 அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும். தையல் விளிம்பைப் போல் 3.414 மடங்கு கூட்ட வேண்டும் என்பது வடிவியல் கணக்கு. கால் அங்குலத்துக்கு இது 0.854 அங்குலம் ஆகும். எளிமைக்காக 7/8 எனக் கொள்ளப்படுகின்றது. 6 மி.மீ. விளிம்புக்கு 20.5 மி.மீ. கூட்டினால் போதும்.

தாள் அடித்தளம்

மெல்லிய தாளில் தையற்கோடுகளையும் துண்டுகளின் வரிசை எண்களையும் அச்சிட்டு, துணியைத் தாளின் அடியில் வைத்துக் கோட்டின் மேலேயே தைப்பது இம்முறை. தைத்து முடிந்ததும் தாள் கிழித்து எடுக்கப்படுகின்றது. கூரிய நுனிகள் சரியாக அமைவதற்கு இது மிகவும் ஏற்றது. துணி தாளின் மறுபக்கத்தில் இருப்பதால் முடிவான உருவம் தாளில் உள்ளதன் ஆடிப்பிம்பமாக அமையும். எனவே திசையுள்ள உருவங்களை முதலிலேயே திருப்பி வரைய வேண்டும்.

கணினி அச்சு

கணினியில் வரைந்த உருவத்தைத் தாளிலோ, தாளுடன் ஒட்டி விறைப்பாக்கிய துணியிலோ நேரடியாக அச்சிட இயலும். பக்கத்துக்கு ஏற்ப உருவத்தைச் சுருக்கும் அமைப்பு அச்சுப்பொறியில் இயங்கிக்கொண்டிருந்தால் அளவுகள் குறைந்துவிடும். இதைக் கண்டறிய, உருவத்துடன் ஓர் அங்குலச் சதுரத்தையும் அச்சிட்டு அளவுகோலால் அளந்து பார்ப்பது வழக்கம்.

வரலாறு

சோழமண்டலக் கரை

சோழமண்டலக் கரையின் எழுது துணிகளும் அச்சுத் துணிகளும் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயின. சீர்காழிக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை தேனியர்களிடமும், நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை ஒல்லாந்தரிடமும் இருந்தன. இத்துணிகளின் அழியாத சிவப்புக்குக் காரணம், இக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேரும், நிறத்தைப் பிடிக்கவைக்கும் படிகாரமும் ஆகும். இரும்புக் கரைசலும் கடுக்காயும் சேர்ந்து கறுப்பைத் தந்தன.

இந்தியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியாரான கேர்தூ 1742 இல் எழுதிய கடிதத்தில் இத்தொழிலை விரிவாக விவரித்துள்ளார். தாளில் வரைந்த உருவத்தின் முக்கியக் கோடுகளை ஊசியால் துளைத்து, துணியின் மேல் வைத்துக் கரித்தூளைத் தட்டி உருவம் பதித்த முறையும் அதில் இடம்பெறுகின்றது. எழுதுவோரின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும், உருவத்தின் அளவும் இடமும் தாளைக் கொண்டே நிலைநிறுத்தப்பட்டன என்பதை இது காட்டுகின்றது.

தஞ்சாவூர் மராத்திய அரசர்களின் ஆதரவில் செய்யப்பட்ட கோடாலிகருப்பூர்ச் சேலைகள் இவ்வகைத் துல்லியத்தின் உச்சம் எனலாம். சரிகையால் உருவங்கள் முதலில் நெய்யப்பட்டன. பின்னர் அவ்வுருவங்களைச் சுற்றி மெழுகிட்டும் அச்சிட்டும் சாயம் ஏற்றப்பட்டது. நெசவு உருவமும் சாய உருவமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அமைய வேண்டியிருந்தது. 1855 இல் தஞ்சை அரசு முடிவுக்கு வந்தபின் ஆதரவு குன்றி, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சேலைகளின் உற்பத்தி நின்றுபோனது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலிய இடங்களில் எஞ்சிய சில துணிகளைக் காணலாம்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும்

இந்தியத் துணிகளின் பெருக்கத்தால் உள்ளூர் நெசவு பாதிக்கப்படுவதாகக் கருதி, பிரான்சு 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்திலும் 1701 முதல் தடைகள் நடைமுறைக்கு வந்தன. கிடைப்பதற்கு அரிதான துணியின் சிறு துண்டும் வீணாக்கப்படவில்லை. இங்கிலாந்தின் லெவன்சு மாளிகையில் உள்ள, 1708 ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் ஒட்டுத்துணிப் போர்வை இந்திய அச்சுத் துணித் துண்டுகளால் ஆனது. அந்நாட்டின் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில், அச்சுத் துணியில் உள்ள பூக்களையும் பறவைகளையும் ஓரமாக வெட்டி எடுத்து வேறு துணியில் மேலொட்டாகத் தைக்கும் வழக்கமும் பரவியது. துணி இந்தியாவினது ஆயினும் இவ்வேலை பாரசீகப் பூத்தையல் என்ற பெயரையே பெற்றது.

1718 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட ஆங்கிலேயப் பட்டுப் போர்வை ஒன்றில், துண்டுகளுக்கு வடிவம் தருவதற்காக உள்ளே வைத்துத் தைத்த தாள்கள் எடுக்கப்படாமல் இன்றும் உள்ளன. அமெரிக்காவில் கோடிசு லேடிசு புக் என்ற இதழ் 1835 இல் அறுகோண ஒட்டுத்தையலின் மாதிரியை வெளியிட்டது. இதழ்களின் வழியே ஒரே மாதிரி பல வீடுகளுக்குச் சென்றடைந்தது.

19 ஆம் நூற்றாண்டில், ஒட்டுத்தையல் போலவே தோன்றும் வகையில் அச்சிடப்பட்ட முழுத் துணிகளும் விற்பனைக்கு வந்தன. துண்டுகளோ தையல்களோ இல்லாமல் அவற்றின் படம் மட்டுமே அவற்றில் இருந்தது. ஏமாற்றுத் துணி என்று பொருள்படும் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன.

கவனிக்க வேண்டியவை

பருத்தித் துணி முதல் நீர்பட்டதும் சுருங்கும் இயல்புடையது. ஆகவே நனைத்து உலர்த்தித் தேய்த்த பின்னரே உருவம் பதித்தல் வேண்டும். இலேசாகக் கஞ்சியிட்டால் கோடு தெளிவாக விழும், துணியும் நகராது.

கோட்டைத் துணியின் பின்பக்கத்தில் பதிப்பது பாதுகாப்பானது. நல்ல பக்கத்தில் பதிக்க நேர்ந்தால், அழியக்கூடிய பொருளையே பயன்படுத்த வேண்டும். நீரில் அழியும் நீல மை, தேய்ப்புப் பெட்டியின் சூடு பட்டால் நிலைத்துவிடக்கூடும்; முதலில் நீரில் அலசிய பின்னரே தேய்க்க வேண்டும். சூட்டில் மறையும் மை, கடுங்குளிரில் மீண்டும் தோன்றக்கூடும். அலுவலகக் கரித்தாள் எண்ணெய்க் கறையை விடுவதால் துணிக்கு ஏற்றதன்று. எம்மையாயினும் அதே துணியின் சிறு துண்டில் முன்னரே சோதித்துப் பார்ப்பது நன்று.

நெசவின் திசையையும் உருவத்துடன் ஓர் அம்புக்குறியாகப் பதித்துக்கொள்ளலாம். தொங்கும் அணிகளில் பாவு நூல் மேலிருந்து கீழாக அமைந்தால், துணி தன் எடையால் நீண்டு தொய்வது குறையும்.

இன்றைய நிலை

எந்திரப் பூத்தையலும் கணினி அச்சும் பரவியதால், கையால் வெட்டித் தைத்த தொம்பைகளுக்குப் பதிலாக விரைவாகவும் மலிவாகவும் செய்யப்படும் அணிகள் கிடைக்கின்றன. ஒட்டுவேலைத் தோற்றத்தை அப்படியே துணியில் அச்சிடவும் இயலும். இவ்வகையில் கோடு, வேலைக்கு வழிகாட்டுவதாக இல்லாமல் வேலையின் படமாகிவிடுகின்றது. பயன்பாட்டிலும் வேறுபாடு உண்டு. மேலொட்டாகத் தைத்த அணியில் ஓர் இதழ் கிழிந்தாலோ வெளுத்தாலோ, அதைப் பிரித்துவிட்டு அதே மாதிரியில் வெட்டிய புதிய இதழைத் தைக்கலாம். முழுமையாக அச்சிட்ட துணி வெளுத்தால் முழுவதையும் மாற்ற வேண்டியுள்ளது.

அவ்வாறு புதுப்பிப்பதற்கு மாதிரி கையில் இருத்தல் வேண்டும். துளையிட்ட தாள்கள் பயன்படுத்தப் பயன்படுத்தக் கிழிபவை. எண்ணெயும் பொடியும் ஏறி மங்குபவை. கிழியும் முன் மற்றொரு தாளில் படியெடுக்கப்படாத உருவம் அத்தாளுடன் மறைந்துபோகும். பழைய மாதிரித் தாள்களை அளவுகோலுடன் சேர்த்து ஒளிவருடியில் படியெடுத்து வைத்தால், சரியான அளவில் அவற்றை மீண்டும் அச்சிட்டுத் துளையிட முடியும். இதனால் கணினி அச்சு கைத்தையலுக்கு மாற்றாக மட்டுமன்றி, அதற்குத் துணையாகவும் அமையக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

கலம்காரி
தொம்பை
கோடாலிகருப்பூர்
ஆரி வேலை
சாயவேர்
திருவாரூர் ஆழித்தேர்